அம்மாவும் நானும் தக்கலையில் சுற்றுலா போன நாள்

"சொந்த ஊரில் ஒரு நாள் சுற்றுலாப் பயணியாகச் சுற்றியதுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் அம்மாவோடு சுற்றினேன்.

எங்கள் வீடு தக்கலையில். உறவினர்கள் வந்தால் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போய் 133 அடி வள்ளுவரைக் காட்டி அனுப்புவது வழக்கம். நடந்தே போய்விடக்கூடிய பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நான் பள்ளி நாட்களில் ஒரு முறை வரிசையில் போனதோடு சரி. கல்யாணமாகி வந்து முப்பத்தைந்து ஆண்டுகளாகியும் அம்மா போனதே இல்லை.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரம்தான். 1956-இல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்தது, இன்றும் அப்படித்தான். திங்கட்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் கறுத்த தரை அப்படியொரு குளிர்ச்சி. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே தணிந்த வெளிச்சம்.

அம்மா வெகுநேரம் நின்றது ஊட்டுப்புரையில்தான். ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கூடம். அங்கிருக்கும் பெரிய ஊறுகாய்ப் பரணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இத்தனை பரணிக்கும் மாங்காய் நறுக்கியது யார் மக்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் மூத்தவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். நாம் கேட்கத் தோன்றாததை அவர்கள் கேட்பார்கள்.

மதியம் திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம். இரண்டு குன்றுகளுக்கு நடுவே 28 தூண்கள். கீழே பரளியாறு, 115 அடி உயரத்தில் தொட்டிக்குள் கால்வாய்த் தண்ணீர். 1966-இல் கட்டியது. அம்மாவின் பிறந்த வீடு விளவங்கோடு பக்கம். தாத்தாவின் வயல் விளைந்தது இந்தத் தண்ணீரில். பெயரைக் கேட்டே வளர்ந்தவர், பாலத்தைக் கண்ணால் பார்ப்பது அன்றுதான். தொட்டியின் விளிம்பில் கையூன்றி எட்டிப் பார்த்தவர், "எங்கள் வயலுக்கு எந்தப் பக்கமாகப் போகிறது?" என்றார். காட்டினேன். முழங்கால் வலியையும் மறந்து, தண்ணீர் ஓடும் திசையிலேயே கடைசித் தூண்வரை நடந்தார்.

திரும்பும் வழியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினோம். அடுத்தது சிதறால் மலை, 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். தேதி குறித்தது அம்மாதான்.