ஏர்ஏசியா 7 கிலோ: லேப்டாப் பையும் சேர்த்துத்தான்

சென்னை–கோலாலம்பூர் ஏர்ஏசியாவில் விமானத்துக்குள் 7 கிலோ கைப்பெட்டியோடு 2.5 கிலோ லேப்டாப் பையும் தனியாகக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அங்கே இரண்டுக்கும் சேர்த்துத்தான் 7 கிலோ. இண்டிகோவில் பெட்டிக்கு 7, லேப்டாப் பைக்குத் தனியாக 3 கிலோ என்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

பெட்டி அளவு 56 × 36 × 23 செ.மீ. சக்கரம், கைப்பிடி, பக்கப் பை எல்லாம் இதில் அடக்கம். கடைச் சீட்டில் 55 என்று போட்டிருந்தாலும் பல பெட்டிகளில் அது சக்கரம் சேராத உயரம். பெட்டியை நிமிர்த்தி வைத்து, தரையிலிருந்து டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது தடிமனில்தான். முன்பக்க ஜிப்பில் சார்ஜரையும் செருப்பையும் திணித்தால் 23 என்பது 27 ஆகிவிடும், பெட்டியின் அளவைச் சோதிக்க வைத்திருக்கும் கூண்டில் இறங்காது.

கவுன்டரில் எடை போடாமல் விட்டுவிட்டாலும் கேட்டில் எடை போட வாய்ப்புண்டு. அங்கே கட்டும் தொகை, முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குவதைவிட மிக அதிகம். உங்களுக்கு மொத்தம் 9.5 கிலோ வருகிறது, அதனால் செக்-இன் பேகேஜை இப்போதே சேர்த்துவிடுங்கள். ஒருவேளை கேட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டால், கொடுப்பதற்கு முன் பவர் பேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். அது சரக்கறைக்குப் போகவே கூடாது.