ஓடும்போது கேலி செய்கிறார்கள்: உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். பூங்காவில் ஓடும்போது சிலர் உங்கள் உடல் பருமனைக் கேலி செய்ததாகவும், அதன்பின் எல்லோரும் உங்களையே பார்ப்பதாகத் தோன்றுவதால் ஓடுவதையே நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது பெரும்பாலும் மிகைக் கணிப்பே: உளவியலாளர் தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படம் அச்சிட்ட டி-சர்ட்டை அணிந்து அறைக்குள் சென்ற மாணவர்கள், அங்கிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என நினைத்தார்கள், உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழக் கால்வாசிப் பேர்தாம். கேலியோ உண்மையானது, அதைக் கற்பனை என்று சொல்லமாட்டேன். அவர்கள் எதிர்பார்ப்பது உங்கள் எதிர்வினையைத்தான் என்பதால், பதில் பேசாமல், வேகத்தையும் கூட்டாமல் (கூட்டினால் மூச்சுதான் வாங்கும்) கடந்து செல்லுங்கள். தொடக்கத்தில் நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதிலும் தவறில்லை. பின்தொடர்ந்தாலோ படம்பிடித்தாலோ தயங்காமல் காவல்துறையிடம் புகார் அளியுங்கள்.