கல்வெட்டுப் படத்தில் முகம் ஏன் நிறம் மாறுகிறது?

யாழ்ப்பாணம் கோண்டாவில் வாசகி ஒருவர், தம் தந்தையாரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டில், அதாவது நினைவு மலரில், மூன்று பிரதிகளை அனுப்பியிருக்கிறார். முன் அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பிரதியில் முகம் ரோசா நிறமாகவும் இன்னொன்றில் பச்சை பாய்ந்தும் இருக்கிறது, மூன்றாவது மட்டும் சரி. “கொம்பியூட்டரில் சரியாகத்தான் இருந்தது” என்று அடித்துக் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆண்டுத் திவசத்துக்கு மறுபடி அடிக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் அதை நான்கு நிறத்தில் (சயன் என்னும் நீலம், மஜென்ரா என்னும் ரோசாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு) அடித்திருக்கிறார்கள். அப்படி அடித்தால் சாம்பல் நிறம் பெரும்பாலும் சயன், மஜென்ரா, மஞ்சள் ஆகிய மூன்று மைகளின் புள்ளிகள் ஒன்றையொன்று சமன்செய்வதால் வருவது. நடுத்தரச் சாம்பலுக்குச் சயன் 50 வீதம் என்றால் மற்றவை ஏறத்தாழ 40 வீதம் போதும். சயன் மை தூய்மையானதன்று, மற்ற இரண்டின் குணமும் அதற்குள் சிறிது கலந்திருக்கிறது. இந்த அளவில் ஒன்று சற்றுக் கூடினாலும், சிவப்புச் சேலையில் தெரியாத பிழை சாம்பல் முகத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் பிரதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். ரோசா முகத்தில் மஜென்ராப் புள்ளிகள் பருத்துக் கிடக்கின்றன. பின் அட்டை முழுவதும் குங்குமச் சிவப்பு. இரண்டு அட்டைகளும் ஒரே தாளில் அருகருகே வருபவை. ஓப்செற் அச்சு மெசினில் மை திறக்கும் திருகு, தாள் ஓடும் திசையில் ஒரு பட்டை முழுவதற்கும் பொதுவானது. சிவப்பு நிறைவாக விழ வேண்டுமென்று மஜென்ராத் திருகைத் திறந்தால் அதே பட்டையில் உள்ள முகமும் சிவக்கும். பச்சைப் பிரதிகள், மெசின் நின்று மறுபடி ஓடியபோது மையும், படமில்லாத இடத்தில் மை ஒட்டாமல் தடுக்கும் தண்ணீரும் ஒத்துவராமல் வந்த கழிவுத் தாள்களாக இருக்கலாம். அவற்றை வீசியிருக்க வேண்டும், கட்டியிருக்கக் கூடாது. இங்கே சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே மெசினில் ஊற்றுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு றோலரில் படிந்து மையை ஏற்கவிடாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் நொந்துவிட்டது. இலட்சக்கணக்கில் கொடுத்துப் பழைய மெசின் இறக்குகிறவர்களுக்கு மையின் அடர்த்தி அளக்கும் கருவி மட்டும் ஆடம்பரமாகத் தெரிகிறது.

இவற்றைவிட நான் அஞ்சுவது இடைத்தரகரை. வட்ஸ்அப்பில் படத்தை வாங்கி, எந்த அச்சகம் என்று சொல்லாமல் கொழும்புக்கு அனுப்பி, உங்கள் கல்வெட்டையும் யாரோ ஒருவரின் கலியாணக் காட்டையும் ஒரே தாளில் அடிப்பித்துக் காசு மிச்சம் பிடிப்பார். அங்கே உங்கள் தந்தையாரின் முகத்துக்காக ஒருவரும் திருகைக் குறைக்கப் போவதில்லை. மாதிரி என்று அவர் நீட்டுவதும் லேசர் பிரதி. அதன் நிறத்துக்கும் ஓப்செற் நிறத்துக்கும் தொடர்பில்லை. அச்சகத்துக்கு நேரே போங்கள்.

அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: படத்தைக் கறுப்பு மையால் மட்டும் அடித்துத் தாருங்கள். ஒரே மை என்றால் படம் கருமை கூடலாம், குறையலாம், நிறம் மாற வழியில்லை. ஆனால் திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரிகிற படம் கோப்பில் வண்ணப் படமாகவே இருக்கக்கூடும். அச்சுத் தகடான பிளேற் எடுக்கும்போது அது நான்காகப் பிரிந்துவிடும் என்பதால், வடிவமைப்பவர் அதைச் சாம்பல் அளவுப் படமாக (கிறேஸ்கேல்) மாற்றினாரா என்று கேட்டேயாக வேண்டும். கறுப்பு மட்டும் என்றால் தலைமயிரும் கோட்டும் சற்று வெளிறித் தோன்றும் என்பார்கள், அது உண்மை. அந்த ஆழம் வேண்டுமென்றாலோ, பழுப்பேறிய பழைய படத்தின் சாயல் போகக் கூடாது என்றாலோ, சாம்பலின் பெரும்பகுதியைக் கறுப்பு சுமக்க, மற்ற மூன்றும் சிறிதளவே சேரும்படி பிரிக்கச் சொல்லுங்கள். அப்போது மை சற்றுக் கூடிக் குறைந்தாலும் முகம் அவ்வளவு மாறாது.

மெசின் ஓடத் தொடங்கியதும் ஒரு தாளை, ரியூப் வெளிச்சத்தில் அல்லாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து, சரியென்றால் கையெழுத்திட்டு மெசின்காரரிடம் கொடுங்கள். இடையிடையே எடுக்கும் தாள்களை அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். போகும்போது சரியாக வந்த அந்த மூன்றாவது பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள், அதை உங்களுக்குத் தனியாகத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.