தங்க விகிதச் செயலி தரும் மதிப்பெண்ணை நம்பி மூக்கைத் திருத்திக்கொள்ளலாமா?

கைபேசிச் செயலி ஒன்று தங்க விகிதப்படி உங்கள் முகத்துக்கு நூற்றுக்கு 64 மதிப்பெண் கொடுத்து, மூக்கு அகலம் என்று சொன்னதால், அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று பாம்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. கீழக்கரையில் ஸ்டூடியோ நடத்துபவன் என்ற முறையில், அந்த எண்ணுக்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறேன்.

ஒரு கோட்டை இரண்டாகப் பிரிக்கையில், முழுக் கோட்டுக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதம், பெரிய துண்டுக்கும் சிறிய துண்டுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக இருந்தால், அதுவே தங்க விகிதம்; அதன் மதிப்பு ஏறத்தாழ 1.618 ஆகும். யூக்ளிட் இதை வடிவியலுக்காகவே வரையறுத்தார். முகத்தில் 12 புள்ளிகளைக் குறித்தால் அவற்றுக்கிடையே 66 தொலைவுகளும், அத்தொலைவுகளை இணை இணையாக ஒப்பிட்டால் 2,145 விகிதங்களும் கிடைக்கும். அவற்றுள் சில 1.6ஐ ஒட்டி வருவது எந்த முகத்திலும் நடக்கக்கூடியதே. எவற்றை அளப்பது என்பதைச் செயலியை எழுதியவர்தான் முடிவு செய்கிறார்.

கோயில் சிலைகளை வடிக்கும் நம் ஸ்தபதிகளின் நவதாளக் கணக்கோ (சிலையின் உயரத்தை ஒன்பது முக அளவாகக் கொள்ளும் முறை) வேறு. 12 அங்குல முகத்தை (இது சிலையின் உயரத்திலிருந்து வகுக்கப்படும் அங்குலம், அடிக்கோலின் அங்குலம் அன்று) நெற்றி, மூக்கு, மோவாய் எனச் சரிசமமாக நான்கு நான்கு அங்குலமாகப் பிரிப்பார்கள். சமமான பாகங்களின் விகிதம் 1 தானே தவிர 1.618 அன்று, ஆயினும் அந்தக் கணக்கில் வடித்த அம்மன் முகத்தைப் பார்த்து மனம் உருகாதவர் யார்?

என் தொழிலில் இதைவிட முக்கியமானது தொலைவு. கைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்துத் தற்படம் எடுக்கும்போது, கன்னத்தையும் காதையும்விட மூக்கு லென்ஸுக்கு நெருக்கமாக இருப்பதால் அளவுக்கு மீறிப் பெரிதாகப் பதிகிறது. சுமார் 30 செ.மீ. தொலைவில் எடுத்த படத்தில், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பாஸ்போர்ட் படத்துக்குக்கூட நான் தள்ளி நின்றே எடுப்பது இதனால்தான். ஆகவே செயலி குறை சொன்னது உங்கள் மூக்கை அன்று, கை நீளத்தில் எடுத்த ஒரு படத்தைத்தான் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் ஒருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, கேமராவைக் கண் மட்டத்தில் பிடித்து, வெயில் நேராக விழாத திண்ணையில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூச்சு விடுவதில் சிரமம் இருந்தால் மட்டும், செயலியைக் கேட்காமல், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.