முதலில் ஒரு சாவி

கேள்வி: பின்லாந்தில், ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போவில் வசிக்கிறோம். மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள். ஒன்றே கால் வயது மகனுக்கு டே கேரில் அக்டோபரில்தான் இடம். அதுவரை அவனைப் பார்த்துக்கொள்ள ஆகஸ்ட் 15 அன்று அம்மா கும்பகோணத்திலிருந்து வருகிறார். வயது 61. அப்பா போன பிறகு தையல் தொழில் செய்து என்னைப் படிக்கவைத்தவர். எங்களிடம் வீட்டுச் சாவி இரண்டுதான் இருக்கிறது, கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் வார நாட்களில் வெளியே போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் நாங்களே கூட்டிப்போவோம். சுவோமென்லின்னா கோட்டை, கப்பலில் எஸ்தோனியத் தலைநகர் தாலின், ரோவனியேமி சாண்டா கிராமம் என ஒன்பது இடங்கள் குறித்திருக்கிறேன். வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: தம்பி, ஒன்பது இடங்களை அப்புறம் பார்ப்போம். சாவி இரண்டுதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் முடிய முப்பதுக்கு மேல் வார நாட்கள் வரும். அத்தனை நாளும் காலையில் நீங்கள் இருவரும் போனதும் அந்தக் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளே உங்கள் அம்மா இருப்பார். தையல் தொழிலில் ஒரு பிள்ளையை வளர்த்தவர் நூலுக்கும் பட்டனுக்கும் லைனிங் துணிக்கும் எத்தனை முறை தனியாகக் கடைத்தெருவுக்குப் போயிருப்பார்? அப்போது அவர் இடுப்பில் அவருடைய வீட்டுச் சாவி இருந்தது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால்கூட ஒரு சாவி கொடுத்துவிட்டுத்தான் ஆபீஸ் போவோம். பெற்றவளுக்கு ஏன் இல்லை?

பேரனைப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கூப்பிட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது பாட்டியின் கடமை, அதைவிட அவருடைய சந்தோஷம். ஆனால் ‘வார நாட்கள் எங்களுக்கு, வார இறுதி அம்மாவுக்கு’ என்று பங்கு பிரித்தீர்களே, அதுதான் தப்பு. என் அக்கா இப்படித்தான் மகள் பிரசவத்துக்காக வெளிநாடு போய் ஐந்து மாதம் இருந்தார். வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். எதிர் வீட்டு பால்கனியில் ஒரு சிவப்பு வாளி இருக்குமாம். மழை பெய்து அது நிறைந்தால் ஒரு தாத்தா வந்து எடுத்துச் செடிக்கு ஊற்றுவாராம். ஐந்து மாதத்தில் அக்கா பார்த்த ஊர் அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் மறுசாவி நினைத்த உடனே கிடைத்துவிடாது. கட்டடத்தைப் பராமரிப்பவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும், சில நாட்கள் ஆகும். இன்றைக்கே எழுதுங்கள்.

அடுத்தது வண்டி. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிப்போகிறவருக்கு ஹெல்சிங்கி வட்டாரத்தில் பஸ், டிராம், மெட்ரோ எல்லாமே இலவசம். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் அந்த ஊரிலேயே காசில்லாமல் எங்கும் போகக்கூடியவர் உங்கள் அம்மாதான். அவரைப் போய் வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறீர்கள். முதல் வாரம் ஒரு நாள் லீவு போடுங்கள். மெட்ரோவில் ஏறுவது, இறங்கும் நிலையத்தை அடையாளம் வைப்பது, போனில் உங்களைக் கூப்பிடுவது, இவற்றை ஒருமுறை கூடவே போய்க் காட்டுங்கள். அடுத்த நாள் அவரே போவார்.

எங்கே போவார்? ஹெல்சிங்கி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நாடாளுமன்றத்துக்கு எதிரே ‘ஓடி’ (Oodi) நூலகம் இருக்கிறது. 2018 டிசம்பரில் திறந்தது. மூன்றாவது தளத்தில் குழந்தைகள் தவழ, விளையாட இடம் உண்டு. இரண்டாவது தளத்தில் தையல் மெஷின்கள் இருக்கின்றன தம்பி, முன்பதிவு செய்துவிட்டு யார் வேண்டுமானாலும் தைக்கலாம். உங்கள் பட்டியலில் இந்த இடம் இல்லாமல் போனது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை பதிவு செய்து கொடுத்து, பேரனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அம்மா ஒரு சட்டை தைக்கட்டும்.

துறைமுகத்தை ஒட்டிய சந்தைத் திடலில் கோடை முடிகிற நேரத்தில் பெர்ரிப் பழங்களும் காளானும் தோல் உரிக்காத பச்சைப் பட்டாணியும் குவிந்திருக்கும். எடை போட மாட்டார்கள், லிட்டர் கணக்கில் அளந்து கொடுப்பார்கள். படியில் அளந்து பழகியவருக்கு அது வேற்றூராகவே தெரியாது. ஊர்க்காரர்கள் அந்தப் பட்டாணியை நடந்துகொண்டே உரித்துப் பச்சையாகத் தின்பார்கள். சுவோமென்லின்னாவுக்குப் படகு ஏறுவதும் அங்கேதான், கால் மணி நேரப் பயணம். 1748-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. சில வழிகள் உருண்டைக் கல் பாவியவை, தள்ளுவண்டி குதிக்கும். அதனால் அதை மட்டும் வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வார இறுதியில் நூக்ஸியோ காட்டுக்குப் போங்கள். அங்கே பெர்ரி பறிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆகஸ்ட் கடைசிக்குள் போனால் காட்டு நீல பெர்ரி கிடைக்கும், பிறகு செப்டம்பரில் சிவப்பு லிங்கன்பெர்ரி. நீல பெர்ரி தின்றால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கும் விரலும் ஊதாவாகிவிடும். காளானை மட்டும் தெரிந்தவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

சாண்டா கிராமத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். பனி இல்லாத மாதத்தில் சுமார் 800 கிலோமீட்டர் போவது அம்மாவுக்காக இல்லை, உங்கள் போட்டோவுக்காக. தாலின் இரண்டு மணி நேரக் கப்பல்தான், அது இருக்கட்டும். மற்றவற்றில் எதை எடுப்பது என்பதை அம்மாவே சொல்லட்டும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் உங்கள் ஊரில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், ஆனால் பகல் நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் குறைந்துகொண்டே வரும். வேலை முடிந்து வந்ததும் பேரனை நீங்களும் மனைவியுமாக வாங்கிக்கொண்டு, அம்மாவைத் தனியே கடற்கரைப் பாதைக்கு அனுப்புங்கள். எஸ்போவின் கரையோரமாக 40 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதை ஓடுகிறது. அவர் நடக்கிற தூரம் நடக்கட்டும். திரும்பி வந்து அழைப்புமணி அடிக்க வேண்டாம், சாவி போட்டுத் திறந்து உள்ளே வரட்டும்.