வாழைநார் நாப்கினுக்குப் பல்கலைக்கழகம் பணம் தருமா?

கேள்வி: மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்திருக்கிறேன். எங்கள் பக்கம் குலை வெட்டிய பிறகு வீணாகும் வாழைத்தண்டிலிருந்து நார் எடுத்து, பெண்களுக்கான நாப்கின் தயாரிக்க விரும்புகிறேன். பட்டதாரிகள் தொழில் தொடங்கப் பல்கலைக்கழகங்கள் நிதி தருகின்றன என்பது உண்மையா? தந்தால் நிறுவனத்தில் பங்கு கேட்பார்களா? வங்கிக் கடன் என்றாலே அப்பா அஞ்சுகிறார். – வாசகி, களக்காடு

பதில்: உண்மைதான். மத்தியக் கல்வி அமைச்சகம் மாணவர், ஆசிரியர் தொடங்கும் தொழில்களுக்கென 2019-இல் வெளியிட்ட கொள்கை, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் தன் ஆண்டு வரவுசெலவில் குறைந்தது 1 சதவீதத்தைப் புத்தாக்கத்துக்கும் புதிய தொழில்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறது. கொள்கையில் எழுதியிருப்பதெல்லாம் எல்லாக் கல்லூரியிலும் கையிருப்பாக இருந்துவிடாது. எனவே முதலில் உங்கள் கல்லூரியின் புத்தாக்கக் குழுப் பொறுப்பாளரையும், அடுத்துப் பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்தில் இந்தப் பணியைக் கவனிப்பவரையும் நேரில் பார்த்து, இவ்வாண்டு என்ன நிதி இருக்கிறது, படித்து முடித்தவர்களுக்கு அது உண்டா, ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த மூன்றாவது கேள்விதான் உங்களுக்குப் பணத்தைவிடப் பெரிது.

ஏனென்றால் உங்கள் தொழிலின் கடினமான பகுதி நாரில் இருக்கிறது. பூத்தொடுக்கும் வாழைநாரை எடுத்துப் பாருங்கள்; நனைத்தால் வளைந்து கொடுக்கும், காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், நீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளாது. அதை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருளையும் பசையையும் காரக் கரைசலில் வேகவைத்து நீக்கி, அலசி, அடித்துப் பஞ்சுபோல் ஆக்கினால்தான் அது உறிஞ்சும். அலசுவது போதாமல் காரம் தங்கிவிட்டால் தோல் எரியும். சரியாக உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நுண்ணுயிரியல் படித்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாப்கினுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 5405, உறிஞ்சும் திறன், அமில காரத் தன்மை, கிருமிகளின் அளவு ஆகியவற்றை அதன்படி சோதிக்க வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவில் மருத்துவ ஜவுளிக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது; சோதனை பற்றி அங்கே கேளுங்கள். விடுதித் தோழிகளிடம் மாதிரிகளைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லிவிடாதீர்கள். பெண்களிடம் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், ஒவ்வொருவரின் எழுத்துப்பூர்வமான இசைவும் வேண்டும். பல்கலைக்கழகத்தின் நிழலில் இருந்தால் இது எளிதாகும்.

இந்தச் சோதனைக் கட்டத்துக்குத்தான் மானியத்தைத் தேட வேண்டும். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் வவுச்சர் திட்டத்தில், யோசனையை மாதிரிப் பொருளாக்க 2 லட்சம் ரூபாய் வரையும், அடுத்த நிலைக்கு 5 லட்சம் வரையும் கேட்கலாம். நிறுவனத்தைப் பதிவு செய்த பிறகு, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு நடத்தும் தொடக்க நிதித் திட்டமான டான்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்த அமைப்பின் வட்டார மையம் திருநெல்வேலியிலேயே இருப்பதால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

பங்கு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. டான்சீட் நிதிக்கு ஈடாக நிறுவனத்தில் ஒரு சிறு பங்கு கொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கொள்கையும், இடமும் கருவிகளும் வழிகாட்டுதலும் தரும் கல்வி நிறுவனம் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு பெறலாம் என்கிறது. அது நியாயமான அளவுதான். பங்கைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது காப்புரிமை. பல்கலைக்கழகத்தின் பணத்தையும் ஆய்வகத்தையும் பெருமளவு பயன்படுத்திக் கண்டுபிடித்த முறை, உங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கூட்டுரிமையாகலாம். ஆகவே நாரைப் பதப்படுத்தும் உங்கள் முறையில் இதுவரை நீங்களே கண்டறிந்தது என்ன என்பதைத் தேதியிட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவர் படிக்காமல் கையெழுத்து வேண்டாம்.

விற்பனையையும் இப்போதே யோசியுங்கள். புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு அரசே விலையில்லா நாப்கின் வழங்குவதால், பள்ளி மாணவியரை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக ஒரே இருப்பில் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஓரம் உராயாத, வியர்வையில் ஒட்டாத நாப்கின் வேண்டும். அதைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, நீங்கள் கேளுங்கள். விலை நிர்ணயிக்கும்போது இன்னொன்று: 2018 ஜூலை முதல் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் அது வரிவிலக்கு என்பதால், பசைக்கும் பிளாஸ்டிக் படலத்துக்கும் உறைக்கும் நீங்கள் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது. அதை அடக்கவிலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பப்பை நோய் வராது என்பதுபோல் ஆதாரமில்லாத எதையும் உறையில் அச்சிடாதீர்கள். பெண்களின் அச்சத்தை வைத்து விற்பதற்கு ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள்.

அப்பாவின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சோதனை முடிவுகளும் வாங்குவோர் சிலரின் உறுதியும் கையில் வரும்வரை இயந்திரத்துக்காகக் கடன் வாங்கவே வேண்டாம். வந்தபின் மாவட்டத் தொழில் மையத்தில் ‘நீட்ஸ்’ திட்டத்தைக் கேளுங்கள். படித்தவர்கள் புதிதாகத் தொழில் தொடங்குவதற்கான அத்திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட முதலீட்டுக்கு 25 சதவீத மானியமும், கடன் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. அந்த மையத்துக்குச் செல்லும் நாளில் அப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாதத் தவணை எவ்வளவு, விற்பனை குறைந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளை அவரே கேட்கட்டும்.