சின்ன ஊர் அரசுப் பள்ளியின் விளையாட்டு அணியில் இருந்த அனுபவம் எப்படிப்பட்டது? வசதி இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

கோவில்பட்டி, ஹாக்கி, ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். நான் ஆடியது எங்கள் ஊருக்கு டர்ஃப் என்கிற செயற்கைப் புல்தரை வருவதற்கு முந்தைய காலம்.

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாயாலும் தீப்பெட்டியாலும்தான் தெரியும். ஆனால் சாயங்காலம் சைக்கிள் கேரியரில் ஹாக்கி ஸ்டிக்கைச் செருகிக்கொண்டு போகும் பையன்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். வசதி என்று பார்த்தால் பள்ளியில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரே பி.டி. சார், கபடி, வாலிபால், தடகளம் எல்லாம் அவர் தலையில்தான். பதினொரு பேருக்கு ஒன்பது ஸ்டிக். அதிலும் இரண்டு, விரிசலில் பசை ஊற்றி நூல் சுற்றியவை. கோல் கீப்பர் பேடின் வாடையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

சமாளித்தது ஊரால்தான். ரயில்வே, வங்கி, போலீஸ் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போன அண்ணன்கள் பொங்கல் லீவுக்கு வந்தால், பழைய ஸ்டிக்கையும் ஷூவையும் எங்களிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளுவதற்கு முன் ஒரு மேட்ச் ஆடுவார்கள். பள்ளிப் பையன்கள் என்று இரக்கமே காட்ட மாட்டார்கள். அந்த அடியை வாங்கிப் பழகிவிட்டதால் குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாம் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாநிலப் போட்டியில்தான் மாட்டினோம். சென்னை எழும்பூர், மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். அதுவரை டர்ஃபை டிவியில் மட்டும்தான் பார்த்திருந்தோம். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் அடித்தார்கள். எங்கள் ஊர்ச் சரளை கிரவுண்டிலும் தண்ணீர் தெளிப்போம், புழுதி அடங்க. இங்கே புழுதியே இல்லையே, எதற்கு என்று சிரித்தோம். விசில் ஊதிய பிறகு புரிந்தது. நனைந்த டர்ஃபில் பந்து தரையோடு ஒட்டி, வழுக்கிக்கொண்டு வருகிறது. சரளையில் அது துள்ளும். எங்கே துள்ளும் என்று ஊகித்து ஆடத்தான் எங்களுக்குத் தெரியும். எதிரணிப் பையன்கள் முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் படுக்கப் போட்டுப் பந்தை நிறுத்தினார்கள். சரளையில் அப்படிச் செய்தால் விரல் முட்டித் தோல் உரிந்துவிடும், அதனால் நாங்கள் யாரும் அதைப் பழகியதே இல்லை. கேன்வாஸ் ஷூ வேறு வழுக்கியது. ஐந்து கோல் வாங்கினோம், ஒன்றுகூடப் போடவில்லை. திரும்பி வரும் ரயிலில் சார் யாரையும் திட்டவில்லை. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் கோவில்பட்டிக்கே டர்ஃப் வந்தது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியும் இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பை ஜகார்த்தாவில் நடந்தபோது இந்திய அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி எடுத்த கார்த்தியும் இருந்தார்கள். பாகிஸ்தானோடு 1-1 என முடிந்த முதல் ஆட்டத்தில் நம் கோல் கார்த்தியுடையது. வெண்கலத்தோடு திரும்பினார்கள்.

அந்த மேட்ச்சின் வீடியோவை வைத்து நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது கோலை அல்ல. இவர்கள் ஸ்டிக்கைப் படுக்கப் போட்டுப் பந்தை நிறுத்துகிற இடங்களை.